நடுத்தூண் வரை

ஜனவரி 12

அன்பு மகளுக்கு அப்பா எழுதிக்கொள்வது.

மணப்பெண் நடந்து வரும்போது நடுப்பாதைக்கு மேலே உள்ள மின்விசிறியை நிறுத்திவைப்பது என்று ஆலயக் குழு நேற்று ஏகமனதாகத் தீர்மானித்தது. இந்த நிலையை எட்டுவதற்கு மூன்று கூட்டங்களும் ஒரு துணைக்குழுவும் தேவைப்பட்டன. சென்ற வருடம் ஒரு மணப்பெண்ணின் தலையில் இருந்த முக்காட்டு நெட் துணியை விசிறி தூக்கிக்கொண்டுபோய், ஓரத்து பெஞ்சில் இருந்த ஓய்வுபெற்ற நீதிபதியின் முகத்தில் போர்த்தியது. வேகத்தைக் குறைத்தால் போதும் என்று ஒரு சாராரும், முழுவதும் நிறுத்த வேண்டும் என்று மறு சாராரும் பிரிந்து நின்றார்கள். ஒருவர் ராஜினாமாக் கடிதத்தைப் பையில் வைத்துக்கொண்டே கூட்டத்துக்கு வந்திருந்தார். கடைசியில் நிறுத்துவோர் வென்றார்கள். இசை தொடங்கியதும் விசிறி நிற்கும். இசை நின்றதும் மறுபடி சுழலும். இதனால் பயன்பெறப்போகும் முதல் மணப்பெண் நீதான்.

முழங்கால் நீங்கலாக நான் நலம். நீயும் நலமாக இருப்பாய். இல்லாவிட்டால் ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் வேலை பார்த்து என்ன பயன்?

ஆகஸ்ட் இரண்டாவது சனிக்கிழமை காலை ஆலயம் நமக்கு ஒதுக்கப்பட்டுவிட்டது. மாப்பிள்ளை பல் கட்டும் கூடத்தில் வேலை பார்க்கிறார் என்று தெரிந்ததிலிருந்து குழுவில் நால்வர் அவரைத் தனியே சந்திக்க விரும்புகிறார்கள். வாயைத் திறந்து காரணம் சொல்ல மறுக்கிறார்கள்.

உன்னை அழைத்து வரப்போவது பொருளாளர் பெரியப்பா. எனக்கு ஒன்றுவிட்ட அண்ணன்தான் என்றாலும் குடும்பத்தில் மூத்த ஆண் அவர்தானே. நான் வழக்கம்போல் ஆர்கனில் இருப்பேன். நீ பெரியப்பாவின் இடப்பக்கம் வர வேண்டும். எத்தனை கல்யாணங்களுக்கு வாசித்திருக்கிறேன், இதில் உனக்குச் சந்தேகம் வேண்டாம்.

உடம்பைப் பார்த்துக்கொள்.

அன்புடன்
அப்பா

பிப்ரவரி 2

அன்பு அப்பாவுக்கு,

நான் சுகம். முழங்காலுக்கு வாங்கிக் கொடுத்த தைலத்தைப் புட்டியிலேயே பாதுகாக்காமல் முழங்காலில் தடவவும்.

விசிறித் தீர்மானத்தை இங்கே எல்லாருக்கும் வாசித்துக் காட்டினேன். எங்கள் மேற்பார்வையாளர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டு, “உங்க ஊர்ல வேற பிரச்சினையே இல்ல போலிருக்கே, கொடுத்து வச்சவங்க” என்றார். அந்த நால்வரைப் பற்றி உங்கள் மாப்பிள்ளையிடம் சொன்னேன். “நாலு பேரும் ஒண்ணா வரட்டும். ஒரே மூச்சில பல்லுக்கு அச்சு எடுத்துடலாம்” என்கிறார்.

அப்பா, ஒன்று கேட்கிறேன். பெரியப்பா வேண்டாம். நீங்கள் வந்து என்னை அழைத்துப்போங்கள். போனில் கேட்டால் “சாப்ட்டியா” என்று பேச்சை மாற்றிவிடுவீர்கள். தாளில்தான் நீங்கள் நன்றாகப் பேசுவீர்கள். அதனால் தாளில் கேட்கிறேன்.

உங்கள் பதிலுக்குக் காத்திருக்கும்
அன்பு மகள்

பிப்ரவரி 20

அன்பு மகளுக்கு,

தைலம் தடவினேன். முழங்கால் மணக்கிறது; மற்றபடி அப்படியே இருக்கிறது. உனக்குச் சளி பிடித்திருப்பதாக அத்தை எழுதியிருந்தாள். குணமாகியிருக்கும் என்று நம்புகிறேன்.

உன் விருப்பத்தைக் குறித்துக்கொண்டேன். அதில் உள்ள சிக்கல்களைச் சொல்லிவிடுகிறேன். நான் உன்னோடு நடந்து வந்தால் ஆர்கனை யார் வாசிப்பது? என்னை விட்டால் இங்கே ஓவிய ஆசிரியை ஒருவர்தான். அவருக்கு நான்கு பாட்டுகள் தெரியும். நான்கும் அடக்க ஆராதனைக்கானவை. அவற்றை வேகமாக வாசித்தால் கல்யாணத்துக்கும் பொருந்தும் என்பது அவருடைய கருத்து. எனக்கு அந்தத் துணிச்சல் இல்லை.

இன்னொன்றையும் யோசித்துப் பார். நான் பீடத்தைப் பார்த்து, சபைக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்திருந்தாலும், ஆர்கனுக்கு மேலே மாட்டியிருக்கும் கண்ணாடியில் வாசல் முழுவதும் தெரியும். கதவு திறந்ததிலிருந்து உன் முகத்தைப் பார்த்துக்கொண்டேதான் வாசிப்பேன். உன் நடைக்கு ஏற்றபடி கூட்டுவேன், குறைப்பேன். பக்கத்தில் நடந்து வருகிறவருக்கு மணப்பெண்ணின் முகம் தெரியவே தெரியாது. அந்த இடத்தில் பெரியப்பா இருப்பதால் ஒன்றும் நஷ்டமில்லை.

ஒருவர் கையைப் பிடித்துக்கொண்டு நடக்க யாராலும் முடியும். என் தேவை எங்கே இருக்கிறதோ அங்கே இருப்பதுதான் முறை. இதுவரை அப்படித்தான் இருந்திருக்கிறேன்.

பெரியப்பா புது பூட்ஸ் வாங்கியிருக்கிறார். ஒவ்வோர் அடிக்கும் வாத்தைப்போல் சத்தம் போடுகிறது. ஆர்கன் சத்தத்தில் அமுங்கிவிடும், கவலைப்படாதே.

வேளாவேளைக்குச் சாப்பிடு.

அன்புடன்
அப்பா

மார்ச் 28

அப்பாவுக்கு,

நான் சுகம். நீங்கள் சுகமா? வேலை அதிகம், அதனால்தான் தாமதம்.

சரி அப்பா.

தையல்காரி அளவு எடுத்துவிட்டார். கை நீளமாகவா குட்டையாகவா என்று கேட்டார். இன்னும் சொல்லவில்லை. இங்கே வெயில் ஆரம்பித்துவிட்டது.

மகள்

ஏப்ரல் 9

தம்பிக்கு அக்கா எழுதுவது.

விடுதியில் நானும் பிள்ளைகளும் சுகம். சமையல்காரருக்குத்தான் இடுப்புப் பிடித்துக்கொண்டது. அவர் குனிந்தால் நிமிர்த்த இரண்டு பேர் வேண்டியிருக்கிறது. உன் முழங்கால் எப்படி இருக்கிறது?

உன் மகள் எனக்கு எழுதியிருந்தாள். கடிதம் முழுக்கத் தையல்காரியும் துணியும்தான். துணியைப் பற்றி இரண்டு வரிக்கு மேல் பேசுகிற பெண்ணா அவள்? அதனால்தான் உனக்கு எழுதுகிறேன். கோபப்பட்டாலும் பரவாயில்லை, படித்துவிட்டுக் கோபப்படு.

உன் கல்யாணத்தன்று அவளுடைய அம்மா நடந்து வந்தபோது நீ அவளைப் பார்க்கவில்லை. அப்போதிருந்த ஆர்கன்காரர் எங்கோ தப்பாக வாசித்துவிட்டார் என்று அந்தப் பக்கம் திரும்பி, முகத்தைச் சுளித்துக்கொண்டு நின்றாய். அவள் பக்கத்தில் வந்து நின்ற பிறகுதான் திரும்பினாய். “உங்க தம்பி கல்யாணம் பண்ணிக்க வந்தாரா, தப்பு கண்டுபிடிக்க வந்தாரா அண்ணி?” என்று என்னிடம் கேட்டுவிட்டுச் சிரித்தாள். நல்லவள், சிரித்தாள்.

அவள் போன அன்றும் நீதான் வாசித்தாய். ‘மனைவியின் அடக்கத்துக்கே கை நடுங்காமல் வாசித்தவர்’ என்று உங்கள் போதகர் இன்றும் பிரசங்கத்தில் எடுத்துச் சொல்கிறாராமே. நீ வாசித்துக்கொண்டிருந்த அந்த நேரத்தில் பெட்டிக்குப் பின்னால் மூன்றாம் வகுப்புப் படிக்கிற பிள்ளை ஒன்று நடந்து வந்தது. நான்தான் கையைப் பிடித்திருந்தேன். வழி நெடுக ஒரே கேள்வி. “அப்பா எங்க அத்தை?” “வாசிக்கிறாரு கண்ணு” என்றேன். பீடம் வரைக்கும் அதையே கேட்டாள். நானும் அதையே சொன்னேன். வேறு என்ன சொல்ல?

இன்னொரு தடவை அந்தப் பதிலைச் சொல்ல என்னால் ஆகாது, தம்பி. உடனே பதில் எழுது.

அக்கா

மே 30

அன்புள்ள அக்காவுக்கு,

நலம். அங்கும் நலம்தானே? சமையல்காரரின் இடுப்பு நிமிர்ந்துவிட்டதா?

உன் கடிதம் வந்தது. பதில் எழுத நேரமில்லாமல் போய்விட்டது. ஆர்கனின் துருத்தியில் எலி புகுந்து தோலைக் கடித்துவிட்டது. கீழ் வரிசையில் ஒரு ஸ்வரம் யாரும் தொடாமலே முனகிக்கொண்டிருக்கிறது. போன ஞாயிறு பிரசங்கம் முழுவதும் அது முனகியது. போதகர் அதைச் சபையாரின் கருத்து என்று எடுத்துக்கொண்டு சீக்கிரம் முடித்துவிட்டார். இதனால் அதைப் பழுதுபார்க்கவே வேண்டாம் என்று ஓர் அணி கிளம்பியிருக்கிறது.

எலியை யார் பிடிப்பது என்று குழு இரண்டு தடவை கூடியது. நான் தினமும் வேலை முடிந்து வந்து தோலை ஒட்டிக்கொண்டிருக்கிறேன். குடிநீர் வாரியத்தில் குழாய் ஒழுக்கு பார்க்கிறவனுக்குக் காற்று ஒழுக்கு பெரிய விஷயமில்லை என்று பொருளாளர் சொல்கிறார்.

நீ எழுதியதை வாசித்தேன். துருத்தி சரியானதும் பதில் எழுதுகிறேன்.

உடல்நலம் பேணவும்.

உன் தம்பி

ஜூன் 18

அன்பு அப்பாவுக்கு,

நான் சுகம். நீங்கள் ராத்திரிச் சாப்பாட்டை விட்டுவிட்டு ஆலயத்திலேயே கிடப்பதாகக் கேள்விப்பட்டேன். எலிக்குச் சாப்பாடு கிடைத்திருக்கிறது, உங்களுக்கும் கிடைக்க வேண்டும்.

யோசித்துப் பார்த்தேன். எனக்கு இசை வேண்டாம். சும்மா நடந்து வருகிறேன். சபையார் எழுந்து நிற்கட்டும், நான் வந்துவிடுகிறேன். அப்படியானால் அந்த நேரத்தில் உங்களுக்கு ஆர்கனில் வேலை இருக்காது. உங்கள் தேவை எங்கே இருக்கிறது என்று அப்போது பார்த்துக்கொள்ளலாம்.

கை நீளமாகத் தைக்கச் சொல்லிவிட்டேன்.

அன்பு மகள்

ஜூலை 6

அன்பு மகளுக்கு,

நலம். ராத்திரி இப்போது சாப்பிடுகிறேன். எலியும் பிடிபட்டுவிட்டது. துருத்தி புதிது மாதிரி இருக்கிறது.

உன் யோசனையைக் குழுவின் முன் வைத்தேன். மௌனம் குறித்து விதிகளில் ஒன்றும் இல்லை. ஆனால் இசை தொடங்கினால்தான் விசிறி நிற்கும் என்பது தீர்மானம். இசையே இல்லையென்றால் விசிறியை நிறுத்த முகாந்திரம் இல்லை. தீர்மானத்தைத் திருத்த வேண்டுமானால் பொதுச் சபையைக் கூட்ட வேண்டும். அது டிசம்பரில்தான் கூடும். போதகரும், மௌனமாக நடந்து வந்தால் பின்வரிசையில் இருமுகிறவர்களின் சத்தம் தனியாகக் கேட்கும் என்று அஞ்சுகிறார். ஆகையால் இசை உண்டு.

உன்னிடம் சொல்லக் கூடாது என்றிருந்தேன். வழக்கமான கல்யாண மார்ச் இசையை நான் வாசிக்கப்போவதில்லை. உனக்காக ஒன்றை நானே எழுதியிருக்கிறேன். துருத்தியை ஒட்டியது அதற்காகத்தான். தினமும் சாயங்காலம் வாசித்துப் பார்க்கிறேன். பெருக்க வருகிற அம்மாள் துடைப்பத்தை வைத்துவிட்டு நின்று கேட்கிறார். இதுவரை எந்த மணப்பெண்ணுக்கும் இது வாசிக்கப்படவில்லை, இனியும் வாசிக்கப்படாது. உனக்குக் கொடுக்க இதைவிட நல்லதாக என்னிடம் ஒன்றும் இல்லை.

பெரியப்பா வீட்டுக் கூடத்தில் பெரியம்மாவைக் கைப்பிடித்து நடந்து பழகுகிறார். கல்யாணமான நாளிலிருந்து அவர்கள் இவ்வளவு நெருக்கமாக நடந்து பார்த்ததில்லை என்று அக்கம்பக்கத்தில் சொல்கிறார்கள்.

நல்லபடியாக வந்து சேர்.

அன்புடன்
அப்பா

ஆகஸ்ட் 19

அன்பு அத்தைக்கு,

நாங்கள் இருவரும் சுகம். கட்டுப் போட்ட கால் எப்படி இருக்கிறது? குளியலறையில் வழுக்கி விழ உங்களுக்கு வேறு வாரமே கிடைக்கவில்லையா? கல்யாணத்துக்கு நீங்கள் இல்லாததால் நடந்ததை நானே எழுத வேண்டியிருக்கிறது.

கதவு திறந்தது. எல்லாரும் எழுந்தார்கள். அப்பா வாசிக்க ஆரம்பித்தார். விசிறி நின்றது. பெரியப்பா கையை நீட்டினார்.

அத்தை, அது நன்றாக இருந்தது. கஷ்டமே அதுதான். சுமாராக இருந்திருந்தால் நடந்திருப்பேன். நான் ஒன்றும் திட்டம் போட்டுப் போகவில்லை. கால் எடுத்து வைக்க வரவில்லை, அவ்வளவுதான். பாட்டு ஒரு சுற்று முடிந்தது. நான் இன்னும் தயாராகவில்லை என்று அப்பா நினைத்திருப்பார். மறுபடி முதலிலிருந்து ஆரம்பித்தார்.

“நடம்மா, எல்லாரும் நிக்கிறாங்க” என்றார் பெரியப்பா.

“நீங்க போய் உக்காருங்க பெரியப்பா.”

“நானா?”

“ஆமா. முன் பெஞ்சில இடம் போட்டிருக்கு.”

குழுக் கூட்டத்தில் யார் பேச்சையும் கேட்காதவர், அன்று கேட்டார். நேராக நடுப்பாதையில் இறங்கித் தனியாக நடந்தார். எனக்காக அப்பா எழுதிய இசை, அதற்கு நடுவே வாத்துச் சத்தம். சபை முழுக்க எழுந்து நின்று அவரைத் தலை திருப்பிப் பார்த்தது. நீதிபதி லேசாக வணங்கக்கூடச் செய்தார். பெரியப்பாவும் பதில் வணக்கம் சொன்னார்.

அப்பா கண்ணாடியில் அதைப் பார்த்திருக்க வேண்டும். இரண்டாவது சுற்றுப் பாதியில் இசை நின்றது. இசை நின்றதால் விசிறி சுழல ஆரம்பித்தது. அப்பா எழுந்தார், பக்கவாசலைத் திறந்தார், வெளியே போய்விட்டார்.

போதகர் புத்தகத்தில் பக்கம் தேடுகிற மாதிரி பாவனை செய்தார். இவர் மாப்பிள்ளையாகப் பீடத்தருகே நின்றுகொண்டிருந்தார். “மாப்பிள்ளை ஓடிக் கேள்விப்பட்டிருக்கேன், மாமனார் ஓடி இப்பதான் பாக்குறேன்னு நெனச்சேன்” என்று பிறகு சொன்னார். நானும் அப்படித்தான் நினைத்தேன். அவ்வளவுதான், இனி நானே தனியாக நடந்து போய்விடலாம் என்று நினைத்தேன்.

அப்போது எனக்குப் பின்னால் மூச்சு வாங்கும் சத்தம் கேட்டது. அப்பா ஆலயத்தைச் சுற்றிக்கொண்டு, சைக்கிள் நிறுத்தும் இடம் வழியாக வாசலுக்கு வந்திருந்தார். பெடலை மிதிக்க இடைஞ்சல் என்று ஆர்கனில் உட்காரும்போது பூட்ஸைக் கழற்றிவிடுவார். அப்படியே வெறும் காலுறையோடு வந்துவிட்டார். முந்தின நாள் மழை. கணுக்கால் வரை சேறு.

வந்து என் வலப்பக்கம் நின்றார், நான் அவருக்கு இடப்பக்கம் வருகிற மாதிரி.

“அந்தப் பக்கம்ப்பா” என்றேன்.

“இல்லம்மா, இதுதான். எத்தனை கல்யாணம் பாத்திருக்கேன்.”

“கண்ணாடில பாத்திருக்கீங்க. அதுல எல்லாம் மாறித்தான் தெரியும்.”

பக்கம் மாறி நின்றார். நடந்தோம்.

விசிறிச் சத்தம் தவிர வேறு சத்தம் இல்லை. அதற்கு நேர் கீழே வந்ததும் நெட் எழும்பியது. அப்பா ஒரு கையால் என் தலையை அழுத்திப் பிடித்துக்கொண்டார், காற்றில் காகிதத்தைப் பிடிக்கிற மாதிரி. படம் பிடித்தவர் அதைத்தான் எல்லாருக்கும் காட்டிக்கொண்டிருக்கிறார்.

நடுத்தூண் வந்ததும் அப்பா நின்றுவிட்டார். நான் முழங்கால் வலி என்று நினைத்தேன். அவர் திரும்பி ஆர்கனைப் பார்த்தார், மேலே கண்ணாடியைப் பார்த்தார், தூணைப் பார்த்தார். அந்தக் கண்ணாடியில் கதவிலிருந்து தூண் வரைதான் தெரியுமாம். அதற்கப்பால் பிரசங்க மேடை மறைத்துவிடுமாம்.

“அம்மா போன அன்னைக்கு இது வரைக்கும்தான் உன்னைப் பாத்தேன்” என்றார். எனக்கு மட்டும் கேட்கிற மாதிரிதான் சொன்னார்.

“வாங்கப்பா” என்றேன்.

மீதி தூரத்தையும் நடந்தோம். முன் பெஞ்சில் பெரியப்பா கைக்குட்டையை எடுத்து வைத்திருந்தார். அப்பா அவர் பக்கத்தில் போய் உட்கார்ந்தார். பிறகு ஆராதனை முடியும் வரை ஆர்கனுக்குப் போகவில்லை. பாட்டுகளைச் சபையார் ஆர்கன் இல்லாமல் சும்மாதான் பாடினார்கள். ஓவிய ஆசிரியை இரண்டு தடவை எழுந்தார். இரண்டு தடவையும் அவர் கணவர் உட்கார வைத்துவிட்டார்.

காலைத் தொங்கப்போடாமல் வைத்துக்கொள்ளுங்கள். இவர் உங்களுக்கு வணக்கம் சொல்லச் சொன்னார்.

உங்கள் மருமகள்

செப்டம்பர் 5

தம்பிக்கு,

கட்டு அடுத்த வாரம் பிரிக்கிறார்கள். உள்ளே அரிக்கிறது, மற்றபடி சுகம். சேற்றில் நடந்ததால் உனக்குச் சளி ஒன்றும் பிடிக்கவில்லையே?

அவள் எழுதியதை வாசித்தேன். இரண்டு தடவை வாசித்தேன். உன்னைத் திட்டி எழுதலாம் என்று தாளை எடுத்துவைத்தேன். என்ன திட்டுவது என்று மறந்துவிட்டது. அவளுக்கு நீ எழுதிய பாட்டை நான் எப்போது கேட்பது? பாதியாவது வாசித்துக் காட்டு.

துருத்தி சரியானதும் பதில் எழுதுவதாகச் சொல்லியிருந்தாய். சரியாகி எத்தனை நாளாயிற்று?

அக்கா

அக்டோபர் 3

அன்புள்ள அக்காவுக்கு,

நலம். சளி பிடித்தது, விட்டது. உன் காலைத் தரையில் ஊன்ற ஆரம்பித்துவிட்டாயா? அவசரப்படாதே.

நீ ஏப்ரலில் எழுதிய கடிதம் மேசையில்தான் இருக்கிறது. பதில் எழுத மூன்று முறை உட்கார்ந்தேன். நீ எழுதியிருப்பதில் தவறு ஒன்றும் காணவில்லை. அவள் அம்மா சிரித்ததை நீ இதுவரை எனக்குச் சொன்னதில்லை.

போதகர் அந்த எடுத்துக்காட்டைப் பிரசங்கத்திலிருந்து நீக்கும்படி கேட்டுக்கொண்டேன். அதற்குப் பதிலாக வேறு ஒன்று தரும்படி கேட்டார். என்னிடம் இல்லை என்றேன்.

போன மாதம் மகளுக்குக் கடிதம் எழுதவில்லை. போனில் பேசிக்கொள்கிறோம். மாப்பிள்ளை வந்து குழுவில் நால்வருக்கும் அச்சு எடுத்துப் போயிருக்கிறார். பற்கள் வரும் வரை கூட்டங்கள் அமைதியாக நடக்கின்றன.

நீ வரும்போது பாட்டை முழுவதும் வாசிக்கிறேன். உடம்பைக் கவனித்துக்கொள்.

உன் தம்பி

பி.கு.: அடுத்த மாதம் கல்யாணம் வைத்திருக்கும் இரண்டு வீட்டார் குழுவுக்கு விண்ணப்பம் கொடுத்திருக்கிறார்கள். பொருளாளர் முதலில் தனியாக நடந்து வர வேண்டும், பாதியில் இசை நிற்க வேண்டும், அதன் பிறகு மணப்பெண் தன் அப்பாவோடு மௌனமாக வர வேண்டும் என்று கேட்டிருக்கிறார்கள். குழு இரண்டையும் அனுமதித்துவிட்டது. இரண்டு தேதிகளிலும் வருவதாகப் பொருளாளர் ஒப்புக்கொண்டிருக்கிறார்.